மராத்தி சினிமாவும் தேசிய விருதுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மராத்திப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது தேசிய விருது வாங்கின படம்" என்ற வார்த்தை கண்டிப்பாக வந்துவிடும். எந்த விருது, எந்த ஆண்டு, யாருக்கு என்று அடுத்துக் கேட்டால் பலருக்கும் குழப்பம்தான். நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

மராத்திப் படங்களுக்கென்று தனியாக ஒரு தேசிய விருது இருக்கிறதா?

இருக்கிறது. தேசியத் திரைப்பட விருதுகளில் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுக்குத் தனித்தனியாகச் சிறந்த படம் தேர்ந்தெடுப்பார்கள். சிறந்த தமிழ்ப் படம், சிறந்த வங்காளப் படம் என்பதுபோலச் சிறந்த மராத்திப் படமும் உண்டு. அதற்குக் கொடுப்பது வெள்ளித் தாமரை.

ஆனால் ஒரு மராத்திப் படத்துக்குத் தேசிய விருது வர அது ஒன்றுதான் வழி என்றில்லை. எல்லா மொழிப் படங்களோடும் மோதி 'சிறந்த படம்' என்ற தங்கத் தாமரையை வாங்கலாம். இயக்கம், நடிப்பு, இசை, பின்னணிப் பாடல், படத்தொகுப்பு போன்ற தனித்தனிப் பிரிவுகளிலும் வாங்கலாம். முதல் பட இயக்குநர், சிறுவர் படம், சமூகப் பிரச்சினை, சுற்றுச்சூழல் என்று வேறு பிரிவுகளும் இருந்திருக்கின்றன. 'தேசிய விருது பெற்ற மராத்திப் படம்' என்றால் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

முதல் விருதை வாங்கியதே மராத்திப் படம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1953ஆம் ஆண்டின் படங்களுக்கு 1954இல் முதன்முறையாக அரசு விருதுகள் கொடுத்தபோது, சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் 'ஷ்யாம்சி ஆயி' படத்துக்குப் போனது. இயக்கியவர் ஆச்சார்ய அத்ரே. எழுத்தாளர், நாடகாசிரியர், பத்திரிகையாளர், மேடையில் ஏறினால் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர் என்று மகாராஷ்டிரத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஆள் அவர்.

கதை சானே குருஜியுடையது. சுதந்திரப் போராட்டத்தில் நாசிக் சிறையில் இருந்தபோது, தன் தாயைப் பற்றிய நினைவுகளைத் தன்வரலாற்று நாவலாக எழுதினார். கொங்கணக் கிராமத்து ஏழை வீடு, கடன், அதற்கு நடுவே பிள்ளையைக் கண்டிப்போடு வளர்க்கும் ஒரு தாய். நாவலில் ஓர் இடம் மராத்திக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். குளித்து முடித்த ஷ்யாம், உள்ளங்காலில் மண் ஒட்டக் கூடாது என்று அம்மாவின் முந்தானையை விரிக்கச் சொல்கிறான். அவள் விரிக்கிறாள். விரித்துவிட்டு, காலில் அழுக்குப் படக் கூடாது என்று இவ்வளவு பார்க்கிறாயே, மனதிலும் அழுக்குப் படாமல் பார்த்துக்கொள் என்கிறாள். அடி விழவில்லை, அதட்டல் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை பிள்ளைக்கு ஆயுளுக்கும் போதுமானதாக இருக்கிறது. படத்தில் தாயாக வனமாலாவும் ஷ்யாமாக மாதவ் வஸேயும் நடித்தார்கள்.

அடுத்த ஆண்டே அத்ரேயின் 'மகாத்மா பூலே' மராத்தியில் சிறந்த படத்துக்கான வெள்ளிப் பதக்கத்தை வாங்கியது. அதே ஆண்டு தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ளன்' படத்துக்கு.

இதுவரை எத்தனை மராத்திப் படங்கள் 'சிறந்த படம்' ஆகியிருக்கின்றன?

ஐந்து. 1953இன் 'ஷ்யாம்சி ஆயி'க்குப் பிறகு, 51ஆவது விருதுகளில் சந்தீப் சாவந்தின் 'ஷ்வாஸ்', 59ஆவதில் உமேஷ் குல்கர்ணியின் 'தேவூள்', 62ஆவதில் சைதன்ய தம்ஹாணேயின் 'கோர்ட்', 64ஆவதில் சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் இருவரும் சேர்ந்து இயக்கிய 'காசவ்'. 'தேவூள்' அந்த ஆண்டு 'பியாரி' படத்துடன் விருதைப் பகிர்ந்துகொண்டது. 'கோர்ட்' மராத்தியோடு இந்தி, குஜராத்தி, ஆங்கிலமும் கலந்து பேசும் படம். ஆனாலும் மராத்திக்காரர்கள் அதைத் தங்கள் கணக்கில்தான் வைப்பார்கள். அதில் தவறில்லை.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஐம்பது வருடமா? அந்தக் காலத்தில் நல்ல படமே வரவில்லையா?

வந்தன. தங்கத்தின் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள்தான் நடுவில் வெறும் பாலைவனம் என்று நினைத்துவிடுகிறார்கள். வெள்ளியின் பட்டியலைப் பாருங்கள். 1970களில் ஜப்பார் படேல் ஒருவரே 'சாம்னா', 'ஜைத் ரே ஜைத்', 'சிம்மாசன்' என்று வரிசையாகச் சிறந்த மராத்திப் படத்துக்கான விருதை வாங்கினார். பிறகு ஸ்மிதா பாட்டீல் நடித்த 'உம்பரடா'வுக்கும் வந்தது. இவற்றில் 'சாம்னா', 'சிம்மாசன்', 'உம்பரடா' மூன்றுக்கும் திரைக்கதை எழுதியவர் நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். 'சாம்னா'வில் சர்க்கரை ஆலை முதலாளியாக நீலு பூலேயும், அந்த ஊருக்கு வந்து சேரும் குடிகார வாத்தியாராக ஸ்ரீராம் லாகூவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகளை இன்று பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாது. கிராமத்து அதிகாரம் எப்படிச் சிரித்துக்கொண்டே கழுத்தை நெரிக்கும் என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய இந்தியப் படங்கள் குறைவு.

என் கணிப்பில், மராத்தி சினிமாவின் கஷ்டமே அது இருக்கும் இடம்தான். தமிழ் சினிமாவுக்குச் சென்னை சொந்த ஊர். மராத்தி சினிமா பம்பாயில் இந்தியோடு ஒரே தெருவில் குடியிருக்கிறது. ஸ்டுடியோ அங்கேதான், பணம் அங்கேதான். நல்ல நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மராத்தி பேசுகிறவர்களுக்கு இந்தியும் புரியும் என்பதால் ரசிகர்களும் அங்கே போய்விடலாம். இந்த நிலையிலும் மேடை நாடகமும் இலக்கியமும் பலமாக இருந்ததால்தான் மராத்திப் படம் உயிரோடு இருந்தது.

'ஷ்வாஸ்' ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

அது மிகச் சிறிய கதை. கொங்கணக் கிராமத்திலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு தாத்தா நகரத்து மருத்துவமனைக்கு வருகிறார். பையனுக்குக் கண்ணில் புற்றுநோய். உயிர் பிழைக்க அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், ஆனால் அதற்குப் பிறகு பார்வை இருக்காது. இதைப் பையனிடம் யார் சொல்வது? எப்படிச் சொல்வது? சிகிச்சை தள்ளிப்போன இடைவெளியில், தாத்தா யாரிடமும் சொல்லாமல் பையனை மருத்துவமனையிலிருந்து வெளியே கூட்டிப்போய்விடுகிறார், கண் இருக்கும்போதே உலகத்தைக் காட்ட. இங்கே மருத்துவமனை பதறுகிறது. அங்கே பையன் நகரத்தை வேடிக்கை பார்க்கிறான். தாத்தாவாக அருண் நலாவடே. பையனாக நடித்த அஷ்வின் சித்தளேவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. படம் அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது.

ஸ்டார் இல்லை, பெரிய பணம் இல்லை. இப்படி ஒரு படம் நாட்டின் சிறந்த படமாகலாம் என்றதும், புனே, கோலாப்பூர், விதர்பா என்று எங்கெங்கோ இருந்த இளைஞர்களுக்குத் தைரியம் வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வந்த விருதுப் பட்டியலைப் பார்த்தாலே அது புரியும்.

விருது யார் முடிவு செய்கிறார்கள்?

தயாரிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும், படத்தில் ஆங்கில சப்டைட்டில் இருக்க வேண்டும். அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஷ்யாம் பெனகல் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு இரண்டு அடுக்குத் தேர்வு முறை வந்தது. முதலில் மண்டலக் குழுக்கள் பார்க்கும். மராத்திப் படங்கள் மேற்கு மண்டலத்தில் இந்தி, குஜராத்தி, கொங்கணிப் படங்களோடு வரும். தமிழும் மலையாளமும் தெற்கின் ஒரு குழுவில். அப்புறம் மத்தியக் குழு இறுதி முடிவு எடுக்கும். முன்பு திரைப்பட விழா இயக்ககம் நடத்தியது, இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்.

முதல் சுற்றிலேயே இந்திப் படங்களோடு ஒரே அறையில் உட்கார வேண்டியிருப்பதும், அதைத் தாண்டி வருவதும் மராத்திக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

ஆண்டுக் கணக்கில் ஏன் இவ்வளவு குழப்பம்?

படம் தணிக்கையான ஆண்டு, விருது அறிவித்த ஆண்டு, கொடுத்த ஆண்டு மூன்றும் வேறுவேறாக இருக்கலாம். உதாரணமாக 71ஆவது விருதுகள் 2023ஆம் ஆண்டின் படங்களுக்கானவை. அறிவித்தது 2025 ஆகஸ்ட் 1. அதனால் எத்தனையாவது விருது என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், தடுமாற்றம் வராது.

'சைராட்'டுக்கு விருது கிடைக்கவில்லையா?

கிடைத்தது. நாகராஜ் மஞ்சுளே இயக்கிய அந்தப் படத்தின் கதாநாயகி ரிங்கு ராஜ்குருவுக்கு 63ஆவது விருதுகளில் சிறப்புக் குறிப்பு. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: விருது அறிவிப்பு 2016 மார்ச்சில் வந்தது, படம் திரைக்கு வந்தது ஏப்ரல் கடைசியில். அதாவது நூறு கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய படம் என்று ஊரே கொண்டாடுவதற்கு முன்பே நடுவர்கள் அந்தப் பெண்ணைக் கவனித்துவிட்டார்கள்.

நாகராஜ் மஞ்சுளேவின் பெரிய விருது 'சைராட்'டா, 'ஃபன்ட்ரி'யா?

'ஃபன்ட்ரி'. 61ஆவது விருதுகளில் சிறந்த முதல் பட இயக்குநருக்கான விருது. நடித்த சோம்நாத் அவ்கடேவுக்குக் குழந்தை நட்சத்திர விருது.

ஜப்யா என்ற தலித் சிறுவன் பள்ளிக்கூடத்தில் மேல்சாதிப் பெண் ஒருத்தியை மனதுக்குள் விரும்புகிறான். ஊரில் சுற்றும் பன்றிகளைப் பிடிக்கும் வேலை அவன் குடும்பத்தின் தலையில் விழுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, கூடப் படிக்கிறவர்கள் பார்க்கப் பார்க்கப் பன்றியைத் துரத்த வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் பன்றி வந்த நேரம் பார்த்துப் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கிறது. குடும்பமே அசையாமல் நிற்கிறது. பன்றி தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. இந்தக் காட்சிக்கு ஒரு வரி வசனம் தேவைப்படவில்லை. கடைசியில் ஜப்யா எறியும் கல் நேராகப் பார்க்கிறவர்களை நோக்கித்தான் வருகிறது. மஞ்சுளே வேறு எதுவுமே எடுக்காமல் போயிருந்தாலும் இந்த ஒரு படம் போதும் என்று நினைக்கிறேன்.

மராத்தியில் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை விருது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'ஷ்வாஸ்', 'ஃபன்ட்ரி' மட்டுமில்லை. 'பாபூ பேண்ட் பாஜா', 'நாள்', 'சுமி' என்று குழந்தை நட்சத்திர விருது வந்துகொண்டே இருக்கிறது. 71ஆவது விருதுகளில் 'நாள் 2' சிறந்த சிறுவர் படம். அதில் நடித்த மூன்று குழந்தைகளுக்கும், 'ஜிப்சி' என்ற இன்னொரு மராத்திப் படத்தின் சிறுவனுக்கும் குழந்தை நட்சத்திர விருது.

காரணம், மராத்திப் படங்களில் குழந்தை அழகுக்காகவோ சிரிப்புக்காகவோ வருவதில்லை. கதையையே குழந்தைதான் தாங்குகிறது. பரேஷ் மோகாஷியின் 'எலிசபெத் ஏகாதசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டரிபுரத்தில் ஒரு பையன். இறந்துபோன அப்பா செய்துகொடுத்த சைக்கிளுக்குப் பெயர் எலிசபெத். வீட்டுக் கடனுக்காக அதை விற்க வேண்டிய நிலை. ஏகாதசிக்கு ஊரெல்லாம் பக்தர்கள் கூடும் நேரத்தில், அம்மாவுக்குத் தெரியாமல் பிள்ளைகள் திருவிழாக் கூட்டத்தில் வளையல் கடை போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் வறுமை, பக்தி, வியாபாரம், தாயின் தன்மானம் எல்லாமே அந்தச் சின்னக் கடைக்குள் வந்துவிடுகிறது. 62ஆவது விருதுகளில் சிறந்த சிறுவர் படம் இது. விருதைப் பகிர்ந்துகொண்டது எது தெரியுமா? நம் 'காக்கா முட்டை'. ஒன்றில் சைக்கிள், இன்னொன்றில் பீட்சா. இரண்டையும் அடுத்தடுத்த நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

அதே ஆண்டு சிறந்த மராத்திப் படமான 'கில்லா'வும் ஒரு சிறுவனின் கதைதான். அப்பாவை இழந்தவன், அம்மாவின் வேலை மாற்றத்தால் புனேயிலிருந்து கொங்கணக் கடற்கரைக்கு வருகிறான். இயக்கிய அவினாஷ் அருண் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். மழையை அப்படிப் படமெடுத்தவர்கள் அதிகம் இல்லை. 'நாள்' எடுத்த சுதாகர் ரெட்டி யக்கன்டியும் ஒளிப்பதிவாளர்தான். 'சைராட்'டுக்குக் கேமரா பிடித்தவர், தெலுங்குக்காரர். தன் முதல் படத்தை மராத்தியில் எடுத்து, 66ஆவது விருதுகளில் முதல் பட இயக்குநர் விருதை வாங்கினார்.

தமிழோடு வேறு என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. 58ஆவது விருதுகளில் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டவர்கள் 'தென்மேற்குப் பருவக்காற்று' சரண்யா பொன்வண்ணனும் 'பாபூ பேண்ட் பாஜா' மிதாலி ஜக்தாப் வராட்கரும். இரண்டு படத்திலும் அவர்கள் பிள்ளைக்காகப் போராடும் ஏழைத் தாய்தான். 61ஆவதில் சோம்நாத்தோடு குழந்தை நட்சத்திர விருதைப் பகிர்ந்தவர் 'தங்க மீன்கள்' சாதனா.

இன்னொன்று 'டோம்பிவ்லி ஃபாஸ்ட்'. 53ஆவது விருதுகளில் சிறந்த மராத்திப் படம். நேர்மையான ஒரு நடுத்தர வர்க்கத்து மனிதன், தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கிப் போய்வருபவன், ஒருநாள் பொறுமை இழக்கிறான். இயக்குநர் நிஷிகாந்த் காமத் அதைத் தானே தமிழில் மாதவனை வைத்து 'எவனோ ஒருவன்' என்று எடுத்தார். தமிழ்ப் படத்தைப் பார்த்தவர்கள் மூலத்தில் சந்தீப் குல்கர்ணியின் நடிப்பையும் பார்க்க வேண்டும். அடக்கி அடக்கி வைத்த கோபம் அவர் முகத்தில் தெரியும் விதமே வேறு. காமத் 2020இல் காலமாகிவிட்டார், பெரிய இழப்பு.

நடிப்பு, இயக்கம், பாட்டுக்கு மராத்தியில் யார் யார் வாங்கியிருக்கிறார்கள்?

முக்கியமான சிலரை மட்டும் சொல்கிறேன். சிறந்த நடிகர்: 'ஜோக்வா' உபேந்திர லிமயே, 'தேவூள்' கிரீஷ் குல்கர்ணி, 'அனுமதி' விக்ரம் கோகலே. கோகலே 60ஆவது விருதுகளில் இர்ஃபான் கானோடு பகிர்ந்தார். அதே ஆண்டு 'தக்' படத்துக்காக உஷா ஜாதவ் சிறந்த நடிகை, சிவாஜி லோட்டன் பாட்டீல் சிறந்த இயக்குநர். பிறகு 'வென்டிலேட்டர்' ராஜேஷ் மாபுஸ்கரும் 'கோதாவரி' நிகில் மகாஜனும் சிறந்த இயக்குநர் ஆனார்கள்.

பாட்டு என்றால் 'ஜோக்வா'வை விட முடியாது. அஜய்–அதுல் இசைக்கு விருது. அந்தப் படத்தில் பாடிய ஹரிஹரனுக்கும் ஷ்ரேயா கோஷலுக்கும் விருது. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட இருவர் காதலிக்கும் கதை அது. 'ஜீவ் ரங்க்லா' பாடலை மொழி தெரியாமலே கேட்கலாம்.

'நாட்ய சங்கீத்' என்ற மராத்தி மேடை நாடகப் பாட்டு மரபும் விருது மேடைக்கு வந்தது. 'கட்யார் காளஜாத் குஸலி' படத்துக்காக மகேஷ் காளே, 'மீ வசந்தராவ்' படத்துக்காக ராகுல் தேஷ்பாண்டே. இரண்டாவது படத்தில் ராகுல் நடித்தது தன் சொந்தத் தாத்தாவாக. பாடகர் வசந்தராவ் தேஷ்பாண்டேதான் அந்தத் தாத்தா. 'கட்யார்' முதலில் மேடை நாடகமாக வந்தபோது கான்சாஹிப் என்ற பாத்திரத்தில் பாடி நடித்தவரும் அவரே.

தாதாசாகேப் பால்கே விருது மராத்தி சினிமாவுக்கான விருதா?

இல்லை, எல்லா மொழிக்கும் பொது. வாழ்நாள் சாதனைக்கு, தேசிய விருதுகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள். பெயருக்குரியவர்தான் மராத்திக்காரர்: த்ரியம்பகேஷ்வரில் பிறந்து, 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த துண்டிராஜ் கோவிந்த் பால்கே. அவர் அந்தப் படத்தை எடுத்த கதையைப் பரேஷ் மோகாஷி 'ஹரிச்சந்திராச்சி ஃபேக்டரி'யாக எடுத்தார். அது 56ஆவது விருதுகளில் சிறந்த மராத்திப் படமாகி, ஆஸ்கருக்கும் போனது. பால்கே விருது பெற்றவர்களில் துர்கா கோட்டே, வி. சாந்தாராம், பால்ஜி பெந்தார்கர் மூவரும் மராத்தி சினிமாவின் தூண்கள்.

மகாராஷ்டிர அரசு விருதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது மாநில அரசு தனியாகக் கொடுப்பது.

பணம் எவ்வளவு?

70ஆவது விருதுகளிலிருந்து தங்கத் தாமரைக்கு 3 லட்சம், வெள்ளித் தாமரைக்கு 2 லட்சம் ரூபாய். மொழிவாரிச் சிறந்த படத்துக்குத் தயாரிப்பாளர், இயக்குநர் இருவருக்கும் தலா அவ்வளவு. படம் எடுத்த செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான்.

விருது வாங்கினால் படம் ஓடுமா?

பெரும்பாலும் இல்லை. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. மல்டிபிளெக்ஸில் மராத்திப் படத்துக்கு நல்ல நேரத்தில் காட்சி கிடைப்பதே பல வருடப் போராட்டம். பிரைம் டைமில் மராத்திப் படம் திரையிட வேண்டும் என்று 2015இல் மகாராஷ்டிர அரசே சொல்ல வேண்டியிருந்தது. சொந்த மாநிலத்தில், சொந்த மொழிப் படத்துக்கு! விருது வந்தால் பத்திரிகையில் படம் வரும், திரைப்பட விழாக்களில் அழைப்பு வரும், ஓடிடியில் வாங்குகிறவர் பேச உட்காருவார். அந்த இயக்குநரின் அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைப்பார். விருதின் உண்மையான பலன் அந்தக் கடைசி விஷயம்தான்.

'ஷ்யாம்சி ஆயி' மறுபடி விருது வாங்கியதா?

ஆமாம், ஆனால் வேறு படம். அதே நாவலைச் சுஜய் டஹாகே 2023இல் மறுபடி எடுத்தார். 71ஆவது விருதுகளில் சிறந்த மராத்திப் படம் அதுதான். டஹாகே ஏற்கெனவே 59ஆவதில் 'ஷாளா'வுக்காக இதே விருதை வாங்கியவர்.

மராத்திப் படமே பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 'எலிசபெத் ஏகாதசி', அப்புறம் 'கில்லா'. பெரியவர்கள் மட்டும் என்றால் 'தேவூள்': தொலைந்த பசுவைத் தேடிப் போனவனுக்கு மரத்தடியில் தத்தாத்ரேயர் காட்சி தந்தார் என்ற பேச்சு கிளம்பி, ஒரு குக்கிராமம் கோவில் வியாபாரமாக மாறுவதைப் படிப்படியாகக் காட்டும். நம் ஊரில் நடந்ததுபோலவே இருக்கும்.

'கோர்ட்'டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு பாடகர் பாடிய பாட்டால்தான் சாக்கடைத் தொழிலாளி தற்கொலை செய்துகொண்டார் என்று வழக்கு. கேமரா ஓரிடத்தில் நிற்கும், வாய்தா மேல் வாய்தா போகும். அரசு வக்கீல் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சமைப்பதையும் நீதிபதி விடுமுறைக்குப் போவதையும் படம் கூடவே போய்ப் பார்க்கும். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பாடகர் உள்ளேயே கிடக்கிறார். பாடகராக நடித்த வீரா சாதிதார் நிஜத்திலும் அம்பேத்கரிய இயக்கக்காரர். 2021இல் கொரோனாவில் இறந்தார்.

'ஃபன்ட்ரி'யை இவற்றுக்குப் பிறகு பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஆங்கில சப்டைட்டில் கிடைக்கும். தமிழில் கிடைத்தால் எங்கே கிடைக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.